அர்ஜுனனின் சட்டை

செத்துப் பதினெட்டு நாளான அர்ஜுனன், காலை ஏழரை மணிக்குக் கள்ளுக்கடை வாசலில் தன் வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

உள்ளேயிருந்த கடைக்காரர் சுப்பையாவின் கையிலிருந்து தட்டு நழுவியது. அதே நீலச் சட்டை. முதுகில் அதே மீன்குழம்புக் கறை. போன தீபாவளிக்கு அதைக் கொட்டியவரே சுப்பையாதான். தலையில் அதே தொப்பி.

ஜெலுத்தோங் வட்டாரத்தில் அந்தக் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது கள்ளுதான் என்றாலும், காலையில் தோசை, மத்தியானம் சோறு என்று இரண்டு வேளையும் அங்கேயே முடித்துக்கொள்கிற ஆட்கள் உண்டு. அர்ஜுனன் பத்து வருஷமாக அப்படித்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் போகிற வரைக்கும்.

"நவமணி, நீ போய்ப் பாரு."

"கடைக்கு முதலாளி நீங்கதானே அண்ணே?" என்றாள் சமையல்காரி.

முதலாளி அசைவதாக இல்லை. அவளே போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அவரு இல்லண்ணே. முகமே வேற. சட்டையும் தொப்பியும்தான் அவரோடது. வாயத் திறக்கல, தோசைய விரலால காட்டுனாரு. கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்திருக்கு."

வந்தவன் மூன்று தோசை தின்றான். பிறகு தலையை நிமிர்த்தி, வலது கையை மெல்ல உயர்த்தி, ஆளில்லாத தெருவின் பக்கம் ஆட்டினான். எழுந்து போய்விட்டான்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மறுபடி வந்தான். சோறு, மீன்குழம்பு, ஒரு மங்குக் கிண்ணத்தில் கள்ளு. சோற்றைத் தின்றான்; கள்ளைத் தொடவில்லை. மறுபடியும் வெறும் காற்றுக்குக் கையாட்டல். நுரை அடங்கிப்போன அந்த மங்கைக் கழுவ மாட்டேன் என்று நவமணி ஒரே பிடியாக நின்றாள்.

மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாள் வாடிக்கைக்காரர்கள் நாலு பேரைக் காணோம்.

அன்று சாயங்காலம்தான் சுப்பையா அதைப் பார்த்தார். எதிர் அடுக்குமாடியின் படிக்கட்டடியில், அர்ஜுனனின் மனைவி சந்திரிகா துவைத்து மடித்த நீலச் சட்டையை அந்த ஆளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சுப்பையாவைப் பிடித்திருந்த பேய்ப் பயம் விட்டது. அதைவிட மோசமான ஒன்று பிடித்துக்கொண்டது.

"பாத்தியா நவமணி? புருஷன் போய் ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள அவன் சட்டைக்கு ஆள் பிடிச்சிட்டா!"

"நமக்கு எதுக்குண்ணே ஊர் வம்பு?"

"என் கடை வாசல்லயே வந்து உக்காந்தா, அது என் வம்புதான்லா!"

ஆறாம் நாள் மத்தியானம் சுப்பையா முதல் தடவையாக அந்த நாற்காலி வரைக்கும் போனார். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எந்திரி. இந்த அசிங்கமெல்லாம் என் கடையில வேணாம்."

அவன் திரும்பவில்லை. முதல் தடவையாகப் பேசினான்.

"கைய எடுங்கண்ணே. மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"அவரோட அம்மா."

சுப்பையா அண்ணாந்து பார்த்தார். கடைக்குள்ளிருந்து பார்த்தால் தகரக் கூரை மறைக்கிற நாலாவது மாடி ஜன்னலில், அர்ஜுனனின் தாய் சின்னம்மாவின் நரைத்த தலை தெரிந்தது. காலரைப் பிடித்த கை தானாக இறங்கியது.

"நான் சற்குணம். பாயான் லெப்பாஸ் பேக்டரியில அவரோட வேலை பாத்தவன். அவரு போனப்ப அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. போன வாரம்தான் வீட்டுக்கு வந்தாங்க. சொன்னா இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால சந்திரிகா அக்கா, 'என்கூடச் சண்டை போட்டுட்டு உங்க மகன் வெளியே தங்கிட்டாரு, கடையிலதான் சாப்பிடுறாரு'ன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. அம்மாவுக்குக் கண்ணுல புரை. இந்தச் சட்டையும் தொப்பியும் போதும்."

"அந்தக் கள்ளு?"

"நான் குடிக்கிறதில்லண்ணே. அவரு மேசையில மங்கு இல்லாம இருக்குமா?"

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"எனக்கும் அவரப் போலவே ராத்திரி ஷிப்ட். இதை முடிச்சிட்டுப் போய்த்தான் தூங்கணும்."

சுப்பையாவுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. என்னென்ன பேசிவிட்டோம்! அன்று மாலையே தூக்குச்சட்டி நிறைய மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு நாலு மாடி ஏறினார்.

கதவைத் திறந்த சந்திரிகாவை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் சட்டியை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் சின்னம்மா.

தன் பங்குக்குத் தானும் ஒரு பொய் சொல்லிவிடுவது என்று சுப்பையா தொண்டையைச் செருமினார்.

"அர்ஜுனன் நல்லாச் சாப்பிடுறான்மா. நீங்க கவலப்படாதீங்க."

சின்னம்மா சமையற்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு நேரம் மட்டும் வந்தாப் போதும்னு சொல்லுங்க தம்பி. பாவம், நாற்காலியிலயே தலை சாயுது, போய்த் தூங்கட்டும். என் மருமகளுக்கு இது தெரிய வேணாம். என்னைக் காப்பாத்துறோம்ங்கிற நினைப்புலதான் அவ எந்திரிச்சு நடமாடுறா."

சுப்பையா அவளருகே குனிந்தார்.

"உங்களுக்கு... எப்படிம்மா?"

"பத்து வருஷமா இந்த ஜன்னல்லயே உக்காந்திருக்கேன். என் மகன் ஒரு நாளாச்சும் அங்கேயிருந்து தலைய நிமித்தி என்னைப் பாத்ததில்ல. இப்பத் தினம் ரெண்டு வேளை எனக்குக் கையாட்டுறவன், எப்படித் தம்பி என் மகனா இருப்பான்?"