முனவ்வறா பார்த்த குளம்

மலைகளுக்கு நடுவே புதிதாய் நிரம்பிய இங்கினியாகலைக் குளம் மின்னுகிறது. மனைவி முனவ்வறா ஆசைதீரப் பார்க்கட்டும் என்று கல்முனையிலிருந்து கூட்டிவந்த மீராமுகைதீன், தோணி முழுவதையும் தனியாக வாடகைக்குப் பேசியிருக்கிறார். துடுப்புப் போடுகிறவன் அந்நிய ஆணாயிற்றே என்று, பெண்கள் ஏறும் வண்டிக்குக் கட்டுவதுபோல் அவளைச் சுற்றித் தான் இடுப்பில் உடுத்தும் சாரன்களைத் திரையாகவும் கட்டிவிட்டார். உள்ளே ஒரே புழுக்கம். சாரனின் சிவப்புக் கோடுகளில் வெயில் கசிகிறது. வெளியே துடுப்பு சளக் சளக்கென்கிறது. “அந்தா புள்ள, ஆன நீந்துது! தும்பிக்கை மட்டும் தெரியுது!” என்று கத்துகிறார் அவர். அவள் திரையை விரலகலம் விலக்குகிறாள். அவர் கை பாய்ந்துவந்து மூடுகிறது. அவள் பல்லைக் கடிக்கிறாள். தோணி கரை தட்டுகிறது. “எப்படிப் புள்ள, எல்லாம் பார்த்தியா?” “ஓம், வடிவாப் பார்த்தன். ஓங்கட சாரன்ல ஒரு கோடு கோணலா இரிக்கி.”