கை ஓங்கிய ஆத்தா

"ஒங்க ஆத்தா அடிக்கத்தான் கை ஓங்குறாளா இல்லையானு இன்னைக்குத் தெரிஞ்சுபோயிரும் அன்னக்கொடி!" ஜெயபாண்டி மீசையைத் தடவிக்கொண்டான்.

"நல்லாப் பாக்கட்டும். படிச்சவுக சொன்னாச் சரிதான்" என்றாள் அவன் மனைவி, கொஞ்சமும் அசராமல்.

சோழவந்தானுக்கு வெளியே, வாழைத் தோட்டத்து ஓரத்தில் நிற்கிறது அந்த நடுகல். என்றைக்கோ செத்துப்போன யாருக்கோ நட்டது. வாளோடு ஒரு வீரன், பக்கத்தில் வலது கையை உயர்த்தியபடி ஒரு பெண். குடித்துவிட்டு வந்த புருஷனை அறையத்தான் கை ஓங்குகிறாள் என்பது ஊர்ப் பெண்களின் தீர்ப்பு. வெள்ளிக்கிழமையானால் எங்கெங்கிருந்தோ பெண்கள் புருஷன்மாரை இழுத்து வந்து, சூடம் ஏற்றி, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிப் போவார்கள். கப்பலூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஜெயபாண்டி இதையெல்லாம் நின்று பார்த்ததில்லை, பங்குனியில் அவனே இழுத்து வரப்படும் வரை.

சத்தியத்தை மீறப் பயம். மீறிய கருத்தக்கண்ணன் அன்றைக்கே பைக்கோடு வாய்க்காலில் விழுந்தார். போதையில் விழுந்தார் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. ஆத்தா அறைந்துவிட்டாள் என்றுதான் பேச்சு.

வரும் ஞாயிறு மச்சினன் பால்பாண்டி வீட்டில் காதுகுத்து. பந்தலில் கிடாக்கறி, தோப்புக்குள் மற்றது. நினைக்கும்போதே ஜெயபாண்டிக்கு நாக்கு வறண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. 'நடுகல்லில் பெண் கையை உயர்த்தியிருந்தால், கணவனோடு தீயில் இறங்கியவள் என்று பொருள்.' எழுதியவர் மதுரைப் பேராசிரியர் சூர்யபிரகாஷ்.

அடிக்கிற ஆத்தாவே இல்லையென்றால் சத்தியம் எப்படிச் செல்லும்? ஜெயபாண்டி நம்பரைத் தேடிப் பிடித்து போன் போட்டான். எடுத்தது பேராசிரியரின் மனைவி. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே, "கண்டிப்பா வருவாரு தம்பி, நானே கூட்டிட்டு வாரேன்" என்றார்.

இதோ, கார் வந்து நின்றது. வெயிலுக்குப் பயந்து அந்த அம்மாள் உள்ளேயே இருக்க, பேராசிரியர் மட்டும் இறங்கினார். ஜெயபாண்டி வழி காட்டுவதற்குள் வரப்பில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். கல்லுக்குத் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். இவ்வளவு படித்தவருக்கு எவ்வளவு பணிவு என்று ஜெயபாண்டி உருகிப்போனான்.

ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். பேராசிரியர் கல்லைக் கழுவி, தேய்ந்த செதுக்கல் எடுப்பாகத் தெரிய மைதா மாவைத் தடவிப் பார்த்தார்.

"மேல சூரியனும் சந்திரனும் இருக்கு. அதுக இருக்கிற வரைக்கும் இவங்க பேர் நிலைக்கும்னு அர்த்தம். வாள் இருக்கறதால, சண்டையில செத்த வீரன்."

"அதெல்லாம் கெடக்கட்டும் சார். அந்தக் கை? அந்தக் கைக்கு என்னா அர்த்தம்? எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க!"

பேராசிரியர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ரோட்டில் நின்ற காரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அடிக்கத்தான்."

"என்னா சார்!"

"அடிக்கத்தான் ஓங்குறாங்க. சந்தேகமே இல்ல."

பெண்கள் போட்ட குலவையில் வாழைத் தோட்டமே அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கிடாக்கறி ஜெயபாண்டிக்கு இப்போதே தொண்டையில் சிக்கியது. அழாத குறையாகப் பேராசிரியரின் பின்னால் ஓடினான்.

"சார், தீயில எறங்குனவள்னு நீங்கதான சார் பேப்பர்ல எழுதுனீக?"

"அது மத்த ஊர்க் கல்லுக்கு" என்று முணுமுணுத்தபடியே காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார் பேராசிரியர்.

காரின் மறுபக்கத்துக் கண்ணாடி இறங்கியது. அவர் மனைவி தலையை நீட்டினார்.

"அன்னக்கொடி, வர்ற ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைக்க வாரேன்! நம்ம ஆத்தாகிட்ட இவரு சத்தியம் பண்ணிப் பத்து வருசமாகப் போகுதுல்ல!"