பின்படிக் கதவு

“நீதானே பூட்டினே? வாயைத் தொறந்து சொல்லு. நீதானே?”

பிணவறை வாசலில் விடுதி வார்டனம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள் அவள்.

வார்டனுக்கு இரண்டு கைகளிலும் கட்டு. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் தலைக்கேறியது.

“கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்து நின்னா ஆச்சா? என் பொண்ணு உள்ள கெடக்கா! அந்தக் கதவு மட்டும் தொறந்திருந்தா, இந்நேரம் ஃபோன்ல என்கிட்ட வாயாடிக்கிட்டு இருந்திருப்பா!”

வார்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

மகளுக்கு வீட்டில் பெயர் ‘வாலு’. நில் என்றால் ஓடுவாள்; ஓடு என்றால் உட்கார்ந்துகொள்வாள். கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் பொறுப்பு வந்திருந்தது. போன மாதம்கூட ஃபோனில் ஒரே பெருமை.

“அம்மா, இன்னிக்கு எங்களுக்குத் தீ ஒத்திகை. எங்க மாடிக்கு நான்தான் லீடர் தெரியுமா? முன்படியில புகை வந்தா பின்படி. ஓடக்கூடாது, தள்ளக்கூடாது. எல்லாரும் எறங்கினப்புறம் கடைசியாத்தான் நான் எறங்கணும்.”

“நீ லீடரா? உன் பேச்சை எவடி கேப்பா?” என்று சிரித்திருந்தாள்.

கேட்டிருக்கிறார்கள்.

மகளின் அறைத்தோழி வராண்டாச் சுவரில் சாய்ந்து, இருமலுக்கு நடுவே சொன்னாள்:

“கீழே பழைய மெத்தையெல்லாம் போட்டு வெச்சிருந்த ரூம்ல தீப் பிடிச்சிடுச்சு ஆன்ட்டி. முன்படி முழுக்கக் கரும்புகை. சில பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ளயே ஓடினாங்க. அவங்கெல்லாம் தப்பிச்சுட்டாங்க. நாங்களும் ஓடப் போனோம். வாலுதான், ‘அங்க போகாதீங்கடி, பின்படிக்கு வாங்க’ன்னு எங்களை இழுத்துட்டு வந்தா. வரிசையா எறங்கினோம். கீழ வந்து பார்த்தா... கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கு.”

“அவ எங்கே நின்னா?”

“கடைசியில. மேலேருந்து வந்த புகையெல்லாம் அவ மேலதான் ஆன்ட்டி...”

அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து ஒரே ஒரு நாள் சொன்னபடி நடந்திருக்கிறாள். அந்த ஒரு நாளே அவளைக் கொண்டுபோய்விட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து வார்டனிடம் கேட்டார்.

“ஏம்மா, சாவி எங்கே இருந்தது?”

“என் ரூம்ல சார். அங்க போக முடியாம புகை அடைச்சுக்கிச்சு. வெளியே சுத்திப் போய்க் கல்லால பூட்டை ஒடைச்சேன். ஒடைக்கறதுக்குள்ள...”

“அவசர வழியைப் பூட்டக்கூடாதுன்னு தெரியாதா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே பூட்டி வெச்சீங்களா? பூட்டச் சொன்னது யாரு? நிர்வாகமா?”

வார்டன் நிமிர்ந்தார். தலைவிரிகோலமாக நின்ற அந்தத் தாயை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பழையபடி தரையைப் பார்த்தார்.

“யாரும் சொல்லலை சார். விடுதி என் பொறுப்பு. தப்பு என்னோடதுதான்.”

“கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா?” அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். “ஊரார் பிள்ளைங்களைக் கூண்டுல போட்டுப் பூட்டியிருக்கா பாவி! நீ நல்லா இருப்பியா? உன் வயித்துல ஒண்ணு பிறந்திருந்தா இப்படிச் செய்வியா?”

இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட, வார்டன் ஜீப்பை நோக்கி நடந்தார்.

அவள் திரும்பினாள். சுவரோரம் பெஞ்சில் அவள் புருஷன் அப்படியே உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர். பயணி ஒருவர் படியில் நின்றாலே வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சண்டைக்கு நிற்கிற மனுஷன். வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

“எழுந்திருங்க. ஸ்டேஷனுக்குப் போகணும். அவ ஜென்மத்துக்கும் வெளியே வராதபடி புகார் கொடுக்கணும்.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“ஏங்க, உங்களைத்தான். பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே! நாலு வார்த்தை கேட்டீங்களா அவளை?”

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை அவர் காத்திருந்தார்.

“நேத்து சாயங்காலம் காலேஜுக்குப் போயிருந்தேன்.”

“எதுக்கு? என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“வாலு அந்தப் பின்படி வழியா எறங்கிப் போய் யாரோ ஒரு பையனோட நின்னு பேசறாளாம். பஸ்ல வந்த ஒருத்தர் சொன்னார். எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. போய் அந்தம்மாகிட்ட, கதவைப் பூட்டுங்கன்னு கத்தினேன்.”

“அவ உடனே பூட்டிட்டாளாக்கும்?”

“இல்லை. மாட்டேன்னாங்க. தீ கீ பிடிச்சா பிள்ளைங்க எந்த வழியா வெளியே வரும், தயவு பண்ணுங்க சார்னு கெஞ்சினாங்க.”

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம்?”

“எதிர்க்கடையில நானே ஒரு பூட்டு வாங்கிட்டு வந்து பூட்டி, சாவியை அவங்க கையில திணிச்சுட்டு வந்தேன்.”