பொறுத்தால் பாதி விலை

"எலும்பு ஒடியற சத்தம் நல்லாக் கேக்குமுங்களா?"

கீதா இப்படிக் கேட்டதும் சீனிவாசலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காந்திபுரத்தில் வீடியோ கேம் கடை போட்டு ஆறு வருஷமாகிறது. விலையைக் கேட்பார்கள், கேரண்டி கேட்பார்கள். ஒரு பிள்ளையின் தாய் வந்து எலும்பைப் பற்றி விசாரித்தது இதுதான் முதல் தடவை.

"கேக்குமுங்க அம்மணி. ரத்தங்கூடத் தெறிக்குமுங்க," என்றார் ஒரு மாதிரியாக.

"எத்தன நாளைக்கு வருமுங்க? போன கேசட்டு ஒம்பதே நாள்ல முடிஞ்சுபோச்சுங்க."

"இது லேசுல முடியாதுங்க. பன்னெண்டு பேர அடிச்சுச் சாய்க்கோணும். கடைசி ஆளு ரெண்டு மாசமானாலும் மசிய மாட்டான்."

"அப்ப இதையே குடுத்துருங்க."

கீதா துடியலூரிலிருந்து வரும் வாடிக்கை. இருபது நாளைக்கு முன் இதே கேசட்டைக் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவரே சீனிவாசலுதான். அவர் கடையில் அப்படி ஒரு வழக்கம். முழு விலைக்கு வாங்கிப்போன பசங்கள் ஒரு மாதத்தில் விளையாடிச் சலித்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதை வாங்கி அடுத்தவருக்குப் பாதி விலைக்குக் கொடுப்பார். 'பொறுத்தாப் பாதி வெலைங்க' என்று கடைக்காரரே சொன்னால் கசக்குமா என்ன? அதற்காகவே கூட்டம் வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இன்னும் பத்தே நாளுங்க அம்மணி. ஒண்ணு திரும்பி வந்துரும், உங்களுக்குன்னு எடுத்து வெக்கறேன். எண்ணூத்தம்பது ரூவாய எதுக்குங்க வீணாக் குடுக்கறீங்க?"

"இனிப் பொறுக்க முடியாதுங்க."

இடது கையால் பணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. உள்ளே வந்தபோதே கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

பேரம் பேசாமல் பணத்தை வைக்கிற ஆளை சீனிவாசலு அன்றுதான் பார்த்தார். கேசட்டைச் சொருகி டிவியில் ஓட்டிக் காட்டினார். மொட்டைத் தலையன் ஒருவன் எதிராளியின் விலாவில் முழங்காலால் மூன்று இடி இடித்து, அவன் கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். படக்கென்று சத்தம். திரையெல்லாம் ரத்தம்.

"இது போதுமுங்க," என்றாள் கீதா.

ரோட்டில் போன பசங்கள் கூட நின்று எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற அவள் மகன் மிதுன் மட்டும் திரும்பவில்லை. பதினோரு வயசிருக்கும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பஸ்ஸையும் ஆட்டோவையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன திமிர் இருந்தால் இப்படி நிற்பான் என்று சீனிவாசலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் ஒடிந்த கையோடு பஸ் ஏறி வந்து பணத்தைக் கொட்டுகிறாள். துரைக்குத் திரும்பிப் பார்க்கவும் மனசில்லை!

"கேசட் இல்லீன்னா ஊட்ல ரகளைங்களா?"

"தட்டு, டம்ளரு எல்லாம் பறக்குமுங்க," என்றாள் கீதா, குனிந்த தலை நிமிராமல். "போன வாரம் மிக்சிய எடுத்து வீசிப்போட்டாச்சுங்க."

"கையக் கிய்ய நீட்டறதும் உண்டுங்களா?"

அவள் மாவுக்கட்டின் மேல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

வழுக்கி விழுந்த கதையின் லட்சணம் சீனிவாசலுவுக்கு விளங்கிவிட்டது. ஆத்திரம் தலைக்கேறியது. ஸ்டூலை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்ந்து, பையனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார்.

"பெத்தவ கையவே ஒடிப்பயாடா நீயி? இந்த வயசுலயே இத்தன கொழுப்பா? முதுகுத் தோல உரிச்சுப்போடுவேன்!"

மிதுன் அழவில்லை, திமிறவும் இல்லை. அவர் கை ஓங்கியதுதான் தாமதம், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துத் தரையோடு சுருண்டுவிட்டான். அடி எங்கே விழும் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஐயோ, அவன உட்டுருங்க!"

கீதா ஓடி வந்து குறுக்கே விழுந்தாள். ஓங்கிய அடி மாவுக்கட்டின் மேல் இறங்கியது. அவள் உதட்டைக் கடித்து வலியை விழுங்கினாள்.

"அவன் அந்தக் கேசட்டத் தொட்டதே இல்லீங்க. வெளாடறது எங்கூட்டுக்காரருங்க. டிவில அடிச்சுட்டிருந்தா எங்கள உட்டுருவாருங்க. கேசட்டு முடிஞ்சுபோச்சுன்னா, அடுத்தது வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேருந்தானுங்க."

சீனிவாசலு ஓரடி பின்வாங்கினார். அடித்த கை அவருக்கே பாரமாக இருந்தது.

"அம்மணி... அப்ப இந்தக் கை?"

அவள் மகனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் கூட இல்லை.

"நீங்க பொறுக்கச் சொன்னப்ப ஒடிஞ்சதுங்க."