பதினேழு சீட்டு வேன்

“வேன் வேண்டாம் அண்ணி. நாங்க ரயில்லதான் போறோம்.”

தம்பி பொண்டாட்டி இப்படிப் பட்டென்று சொல்வாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. நாலு தலையணை, பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பு, தண்ணீர் கேன், பந்து என்று இரண்டு நாளாக யோசித்து எழுதிய பட்டியலோடு அல்லவா வந்திருந்தாள்!

“என்னம்மா சொல்றே? வாசல்ல பதினேழு சீட்டு வேன் நிக்குது. ஓட்டுறதுக்கு என் தம்பி இருக்கான். வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு ரெண்டு குடும்பமும் அதுலதானே போறோம்?”

“இந்த வருஷம் இல்லை.”

“என்ன காரணம்?”

“வேன்ல போனா எனக்கு வாந்தி வருது.”

அக்காவின் முகம் சட்டென்று மலர்ந்தது. “ஏய்! விசேஷமா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லை அண்ணி! இருக்கிற ரெண்டையே கட்டி மேய்க்க முடியலை.”

மலர்ந்த முகம் அதே வேகத்தில் சுருங்கியது.

“அப்போ எட்டு வருஷமா வராத வாந்தி இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு? டிரைவரைக் கட்டிக்கிட்டவளுக்கு வேன் ஆகாதாம்! நாளைக்கு டிரைவரும் ஆகாதும்பே!”

“அவரு ஆகும். வேன்தான் ஆகாது.”

வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி ஈரக் கையோடு உள்ளே வந்தான். ஊரார் குடும்பங்களை மலைக்கும் கடலுக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவதுதான் அவன் பிழைப்பு. லீவு நாளில் எத்தனை பேர் சவாரிக்கு அழைத்தாலும், ஐந்து நாளை மட்டும் சொந்தக் குடும்பத்துக்கென்று பிடித்து வைத்துவிடுவான்.

“நான் ஓட்டுறேன்னுதான்க்கா சொல்றேன். பழகின கை, எனக்கென்ன கஷ்டம்? இவதான் ஒத்தைக் கால்ல நிக்கிறா.”

“உங்களை யாரும் கேட்கலை. கையைத் துடைச்சிட்டு உட்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். அதைப் பார்க்க அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அக்கா உட்காரச் சொன்னால் வேண்டுமென்றே எழுந்து ஓடியவன்!

“ரயில்ல மூணு பிள்ளைங்களை நான் எப்படி இழுத்துக்கிட்டு வருவேன்? ஒண்ணு கக்கூஸ் கேக்கும், ஒண்ணு பசிக்குதுங்கும், ஒண்ணு இறங்கிக் காணாமப் போகும். வேன்னா நினைச்ச இடத்துல நிறுத்தலாம். எங்க வீட்டுக்காரரும் ஏறினதும் தூங்கி இறங்கறப்ப முழிச்சுக்குவாரு.”

“நீங்களும் ரயில்லயே வாங்க அண்ணி. பிள்ளைங்களை நானும் பார்த்துக்கிறேன்.”

“எங்களைக் கழட்டி விடத்தான் இந்தத் திட்டம்னு நேராவே சொல்லிடேன்!”

“அப்படித் தோணினா அப்படியே வெச்சுக்கோங்க.”

“சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா?”

“நல்லாப் பேசட்டும். திமிர் பிடிச்சவள்னு சொல்லட்டும். அதுக்காக ரயில் நிக்கப் போறதில்லை.”

ஒரு தயக்கம் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வாய் பேசிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குப் பிள்ளைகளின் துணியை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தது.

அக்கா விருட்டென்று எழுந்தாள்.

“உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். லீவு யாருக்கு? பிள்ளைங்களுக்கு. வேனா ரயிலான்னு உன் பொண்ணையே கேக்கிறேன். அவ வேன்னு சொல்லிட்டா வாயை மூடிக்கிட்டு ஏறணும், சரியா?”

துணி மடித்த கை முதல் தடவையாக நின்றது. “அவ சின்னப் பிள்ளை, அவளை எதுக்கு அண்ணி…”

அதற்குள் அக்கா உள்ளறைக்குப் போய்விட்டாள்.

ஏழு வயதுக்காரி கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“தங்கம், டூருக்கு வேனா, ரயிலா? அத்தைக்குச் சொல்லு.”

சிறுமி கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு மெத்தைக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை உருவினாள்.

“அம்மா ஒளிச்சு வெச்சிருக்காங்க. அப்பாகிட்ட காட்டவே கூடாதாம். நீங்க அப்பா இல்லைல்ல?”

போன வாரம் பள்ளிக்கூடத்தில் வரைந்த படம். மேலே கோணல் எழுத்தில், ‘எங்கள் குடும்பச் சுற்றுலா’.

பெரிய வேன். உள்ளே எல்லோரும் இருந்தார்கள். அம்மா சிரிக்கிறாள். தம்பிப் பாப்பா நாக்கை நீட்டுகிறான். மாமா வாயைப் பிளந்து தூங்குகிறார். அத்தையின் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டுகிறார்கள். அத்தைக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது.

முன்சீட்டில் மட்டும் கறுப்பாக ஒரு பின்னந்தலை. இரண்டு காது. நீலச் சட்டைக் காலர்.

பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மை: ‘அப்பாவின் முகம் எங்கே?’

“டீச்சருக்கு ஒண்ணுமே தெரியலை அத்தை,” என்று சலித்துக்கொண்டாள் சிறுமி. “டூர் போறப்ப அப்பாவுக்கு ஏது முகம்?”

அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மெத்தைக்கு அடியில், முன்பு இருந்ததை விட ஆழமாகச் செருகினாள்.

“என்னக்கா சொல்றா என் பொண்ணு?” கூடத்திலிருந்து தம்பியின் குரல். “வேன்தானே? சாவியை எடுக்கட்டுமா?”

“சாவியைத் தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்! போய் எங்களுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுடா!”