ஒன்பதாம் நம்பருக்காக

இறுதி ஆட்டத்துக்கு இரண்டே நாள்தான் இருந்தது. ஒரு பெண் கொடுத்த புகாரால், ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரனை அணியில் சேர்ப்பதா வேண்டாமா என்று கால்பந்து கிளப் யோசித்துக்கொண்டிருந்தது. ரசிகர் மன்றச் செயலாளரான மெக்கானிக்குக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

"அவன் இல்லாம கோல் யாரு போடறது? கோல்கீப்பரா?" என்றார் தையல்காரர்.

"எல்லாம் அந்தப் பொண்ணு கட்டிவிட்ட கதை. அவனைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதிட்டேன், எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றார் மெக்கானிக்.

மன்றத்து வாசலில் தயங்கி நின்ற ஓர் அம்மாள் உள்ளே வந்து கைகூப்பினாள்.

"அவனை ஆட விடாதீங்கய்யா. ஸ்டேஷன்ல கேட்டா, ஃபைனல் முடியட்டும்னு அனுப்பிட்டாங்க. நீங்க சொன்னா கிளப் கேட்கும். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. "பெத்த பொண்ணை அடக்கி வளர்க்கத் துப்பில்ல, இங்க வந்து அழறீங்களா?"

"எனக்குப் பொண்ணு இல்லைங்க. ஒரே பையன். நீங்க மனு எழுதி வெச்சிருக்கீங்களே, அவன்தான்."

தையல்காரர் கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு கதறினப்போ நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன். கை வீங்கற வரைக்கும் கதவைத் தட்டினேன்யா. அவன் திறக்கவே இல்ல."