புள்ளிப் புத்தகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோவிலில் ஆராதனை முடிந்தும் யாரும் வெளியே போகவில்லை. ஜன்னல் வெயில் மேஜைமேல் சாய்ந்து விழுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த, விரலால் தடவி வாசிக்கும் தடித்த சுவிசேஷப் புத்தகத்தில், மேடிட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் கடுகளவு நிழல். கண் தெரியாத கிருபாபாய் அதன் முன்னால் நிற்கிறாள். "மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறது வாசிப்பாகுமா?" என்கிறார் ராஜபாளையம் மில்லில் மேஸ்திரியான சபைக் கமிட்டிக்காரர் எலியேசர். அவராகவே ஒரு பக்கத்தைப் புரட்டி, ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும் அதிகாரத்தைத் தம் வேதாகமத்திலும் எடுத்துக்கொள்கிறார். அவள் வாசிக்காவிட்டால் இதோடு வந்த புத்தகக் கட்டு முழுவதும் நாளைக்கே பஸ்ஸில் திரும்பிப் போய்விடும். தாளைத் தடவிய கை பாதியில் நின்றுவிடுகிறது. காலையில் சோற்றுப்பானையை இறக்கும்போது விரல் நுனியெல்லாம் வெந்து கொப்புளம் கட்டியிருக்கிறது; புள்ளி எதுவும் தட்டுப்படவில்லை. "ஏட்டி, கை வெந்ததைச் சொல்லிரு," என்று மதினி செல்லத்தாய் காதருகே முணுமுணுக்கிறாள். "சொன்னா நம்பவா போறாவ?" என்கிறாள் கிருபாபாய். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். கிருபாபாய் புத்தகத்தைத் தூக்கி முகத்தோடு சேர்க்கிறாள். கீழுதடு புள்ளிகளைத் தடவியபடி தாளில் மெல்ல நகர்கிறது. "முத்தம் கொடுத்தது போதும்மா, வாசி," என்கிறார் எலியேசர். "வாசிக்கத்தான் செய்யுதேன், அய்யா." முகத்தைச் சற்று விலக்கி ஒரு சொல் சொல்கிறாள். மறுபடி தாள், மறுபடி ஒரு சொல். மூன்றாவது சொல்லில் சிரிப்பு அடங்குகிறது. எலியேசரின் விரல் அச்செழுத்தில் அவள் சொன்ன சொல்லைக் கடந்து அடுத்ததின் கீழே போய் நிற்கிறது. அவள் உதடு தாளைவிட்டு எழும்வரை அங்கேயே காத்திருக்கிறது.